கடற்கரைக் காவலும் சட்டமும்

திருவாரூரில் ஆண்ட மனுநீதி கண்ட சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியொன்றைக் கட்டியிருந்தான் என்றும், கன்றை இழந்த பசு தன் கொம்பினால் அம்மணியை அசைத்து முறை வேண்டிற்று என்றும் இளமை முதலே கேட்டு வருகின்றோம். அக்கதையில் யாவரும் வியப்பது அரசனுடைய நடுநிலைமையையே. ஆயின் சட்டம் பயில்வோர் உற்று நோக்கவேண்டிய பிறிதொன்றும் அதன்கண் உண்டு. வாய்பேசாத உயிர் ஒன்றுக்கு எட்டும் உயரத்தில் அம்மணி கட்டப்பட்டிருந்தது என்பதே அது. மணி எட்டாத உயரத்தில் இருந்திருப்பின், அரசன் எத்துணை நல்லவனாயினும் அப்பசுவுக்கு நீதி கிட்டியிராது.

கடலும் கழியும் ஆறும் ஏரியும் வாயற்றவை. அவற்றை நம்பி வாழ்கின்ற மீனவரும் உழவரும் கூலியாட்களும் வாய் உடையராயினும், அவர்தம் சொல் அம்பலம் ஏறுதல் அரிது. இவர்கள் பொருட்டு மணியை அசைப்பவர் யார்? அசைத்தபின் நிகழ்வது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்டற்குச் சோழன் கதை வழங்கும் அந்நாட்டுக் கடற்கரையிலேயே எழுந்து, தில்லி உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அஃது இறால் பண்ணை வழக்கு என வழங்கும். நீதிமன்றத்திற் பெறும் வெற்றி நீர்நிலைகளைக் காப்பதற்குத் தொடக்கமேயன்றி முடிவன்று என்பது அவ்வழக்கு நமக்குக் கற்பிக்கும் பாடமாம்.

1. சட்டத்தின் படிகள்

வழக்கினுட் புகுமுன், நம் நாட்டில் நீரையும் கடலையும் காக்கும் சட்டங்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். அவை மூன்று படிகளாக அமைந்தவை.

முதற்படி அரசியலமைப்பு. 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தம், சுற்றுச்சூழலைக் காத்தல் அரசின் நெறி என 48அ பிரிவிலும், குடிமக்களின் கடமை என 51அ பிரிவிலும் சேர்த்தது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21 ஆவது பிரிவில் மாசற்ற நீரையும் காற்றையும் துய்க்கும் உரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1991 இல் சுபாஷ் குமார் வழக்கில் விளக்கிற்று. இரண்டாம் படி நாடாளுமன்றம் இயற்றும் சட்டம். 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், போபால் நகரில் 1984 இல் நேர்ந்த நச்சுவளிப் பேரிடரின் பின்னர் இயற்றப்பெற்ற 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் இவ்வகையின. மூன்றாம் படி, அச்சட்டங்கள் தந்த அதிகாரத்தைக் கொண்டு அரசு வெளியிடும் அறிவிக்கை. படியிற் கீழதாயினும், ஊரார் வாழ்க்கையை நேரே தொடுவது இதுவே.

அத்தகைய அறிவிக்கை ஒன்று 1991 பிப்ரவரி 19 ஆம் நாள் வெளிவந்தது. கடற்கரையினின்று 500 மீட்டர் அளவுக்குள் கட்டடம் முதலியன எழாதபடி காக்கவேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி 1981 இற் கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் அறிவுரையே, சட்டமன்று. பத்தாண்டு கழித்தே அது சட்ட வலிமை பெற்றது. பெருக்கின்போது கடல்நீர் ஏறி நிற்கும் உயர் அலைக்கோட்டினின்று 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆயிற்று. கடல் முகத்தோடு நேரே தொடர்புடையனவும், கரையின் வசதி இன்றியமையாதனவும் அல்லாத புதிய தொழில்கள் அம்மண்டலத்துள் விலக்கப்பட்டன. இச்சிறு வாசகத்தின் மேலேயே பின்னர் ஒரு பெரிய வழக்கு நின்றது.

மணி எட்டும் உயரத்தில் உளதோ என்னும் வினாவுக்கும் விடை வேண்டும். பண்டு, தனக்குத் தீங்கு நேர்ந்தவனே வழக்காடலாம் என்பது முறை. 1981 இல் எஸ். பி. குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அம்முறையைத் தளர்த்தி, வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றம் நாடமுடியாதார்க்காகப் பொதுநலம் கருதும் எவரும் முறையிடலாம் என்று வகுத்தது. அடிப்படை உரிமை கெடுமிடத்து உச்சநீதிமன்றத்தையே நேரே அணுக 32 ஆவது பிரிவு முன்னமே வழிசெய்திருந்தது. இவ்விரண்டும் கூடியபோது மணி தாழ்ந்து தொங்கிற்று.

2. கரைக்கு வந்த கேடு

இறால் வளர்த்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், நீர் உவர்க்குங் காலத்தில் இறாலும் மாறிமாறி விளையும். வங்காளத்துப் பேரிகளும் அத்தன்மையன. ஓதம் ஏறுகையில் மதகு திறப்பர்; கடல்நீரோடு குஞ்சுகள் தாமே உட்புகும்; வற்றுங்கால் வலையிட்டுப் பிடிப்பர். இரையிடுதலும் மருந்திடுதலும் இல்லை. விளைவு சிறிது, கேடும் சிறிது.

1990 ஐ ஒட்டி எழுந்த புதிய பண்ணைகளின் இயல்பு முற்றிலும் வேறு. அயல்நாட்டுச் சந்தையில் நல்ல விலைபோகும் புலி இறாலை நெருக்கமாக வளர்ப்பதே அவற்றின் நோக்கம். இதற்காகக் கரையோர நிலங்களில் உயர்ந்த வரப்பெடுத்துக் குளங்கள் வெட்டினர். கடல்நீரை எந்திரத்தால் இறைத்து, உவர்ப்பை மட்டுப்படுத்த நிலத்தடி நன்னீரையும் எடுத்துக் கலந்தனர். செயற்கை இரையும் மருந்துகளும் இட்டனர். எச்சமும் மிச்சமும் கலந்த கழிவுநீரை ஓடைகளிலும் கழிகளிலும் கடலிலும் விட்டனர்.

இதனால் நேர்ந்த தீங்குகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. குளத்து உவர்நீர் கசிந்து அண்டை வயல்களையும் கிணறுகளையும் சேர்ந்தது. நன்னீரை மிகுதியாக இறைத்தமையால் நிலத்தடியில் வெற்றிடம் உண்டாக, அவ்விடத்தைக் கடல்நீர் நிரப்பிற்று. உயர்ந்த வரப்புகள் மழைநீர் வடியும் வழியையும் மீனவர் கரைக்குச் செல்லும் வழியையும் அடைத்தன. அலையைத் தாங்கி மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாக விளங்கும் அலையாத்திக் காடுகள் சிலவிடங்களில் வெட்டுண்டன. நெல் வயலில் நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பலர் வேண்டும். இறாற் குளத்துக்குக் காவலர் சிலர் போதும். ஆதலின் குடிநீர் இழந்த கூலியாள் தன் கூலியையும் இழந்தான்.

கேடு விளைத்தோரையும் கேடு விட்டதன்று. 1994 இல் தோன்றிய வெண்புள்ளி நோய் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பண்ணைகள் பலவற்றை அழித்தது. ஒரு குளத்துக் கழிவுநீரே அடுத்த குளத்துக்கு வருநீராதலின், நோய் பரவுதற்குத் தடை யாதும் இல்லை.

3. மணியை அசைத்தவர்

அக்காலத்து நாகை மாவட்டக் கடற்கரையில் இக்கேட்டினை எதிர்த்து நின்றோருள் தலையாயவர் காந்தியடிகளின் நெறியில் வாழ்ந்த எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ஆவர். வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் உழைத்து, நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத் தருவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட இருவர் அவர். 1706 இற் சீகன்பால்கு கரையிறங்கிய தரங்கம்பாடியும் அக்கரையைச் சேர்ந்ததே. நம் கல்லூரி போன்ற நிலையங்களின் வரலாறு தொடங்கிய மண் அது என்பதை நம் மாணவர் நினைத்தல் தகும்.

பெற்றுத் தந்த நிலம் உவர்நிலமாக மாறுமாயின், நிலம் பெற்றதனால் ஆய பயன் யாது? இவ்வெண்ணமே அவ்விருவரையும் கடற்கரைப் போராட்டத்திற் செலுத்திற்று. அவர்கள் உண்ணாநோன்பும் அறப்போரும் நிகழ்த்தினர். அவற்றோடு அமையாது, கிராம சுயராச்சிய இயக்கத்தின் தலைவர் என்னும் முறையில் ஜெகந்நாதன் 1994 இல் 32 ஆவது பிரிவின்படி உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்தார்.

மனுவின் அமைப்பு கருதத்தக்கது. இறால் தொழில் தீயது என்று பொதுப்படப் பழிப்பதாக அஃது அமையவில்லை. அரசு தானே வெளியிட்ட 1991 ஆம் ஆண்டின் அறிவிக்கையை அரசு நிறைவேற்றுக என்பதே அதன் உயிர்நாடி. புதிய சட்டம் வேண்டுவோர் சட்டமன்றத்தை நாடவேண்டும். உள்ள சட்டம் உறங்குமாயின், அதனை எழுப்பும் இடம் நீதிமன்றம். இவ்வேறுபாட்டை உணராது தொடுக்கும் வழக்குகள் பல வாயிலிலேயே வீழ்கின்றன.

நீதிமன்றம் தன் கண்ணாற் கரையைக் காண இயலாது. எனவே 1995 மார்ச்சில், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கரைக்குச் சென்று ஆராயுமாறு பணித்தது. இப்பண்ணைகளாற் சூழலுக்கும் மக்கட்கும் நேரும் நட்டம் அவற்றின் வருவாயினும் மிகுதி என அந்நிறுவனத்தின் அறிக்கை கூறிற்று. உவர்த்த கிணற்றைக் குறித்து ஊரார் கூறியதற்கு அறிவியற் சான்று கிடைத்தது. கண்ணீர் இரக்கத்தை எழுப்பும். கணக்கே தீர்ப்பைத் தாங்கும்.

4. தீர்ப்பு

1996 டிசம்பர் 11 ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகிய இருவரும் தீர்ப்பு வழங்கினர்.

பண்ணையாளர் தரப்பின் தலைமை வாதம், இறால் உவர்நீரில் வளர்வதாகலின் அத்தொழிலுக்குக் கடற்கரை இன்றியமையாதது என்பது. வேண்டுவது உவர்நீரேயன்றிக் கரையன்று. நீரைக் குழாய்வழிக் கொணரலாம். ஆகலின் குளங்கள் கரைமேல் இருத்தல் வேண்டியதில்லை என்று கூறி, நீதிமன்றம் அதனை மறுத்தது. இவ்வாறு அறிவிக்கையின் வாசகம் பண்ணைகளை விலக்குவதாயிற்று.

மேலும் இரண்டு கொள்கைகளைத் தீர்ப்பு துணையாகக் கொண்டது. தீங்கு ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படுமளவும் காத்திராமல் முன்கூட்டியே தடுத்தல் முன்னெச்சரிக்கைக் கொள்கை. கெடுத்தவனே கெட்டவர்க்கு ஈடு தந்து, கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்தல் மற்றையது. இவ்விரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அவ்வாண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் வேலூர்த் தோற்பதனிடு சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்திருந்தது. பாலாற்றங்கரையில் நாட்டிய விதை நாகைக் கரையில் நிழல் தந்தது. ஒரு நீர்நிலைக்காக வாதாடுவோர் தாம் அறியாத பிற நீர்நிலைகளுக்காகவும் வாதாடுகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

தீர்ப்பின் கட்டளைகளுள் முதன்மையானவை வருமாறு: ஒழுங்குமுறை மண்டலத்துள் இறால் பண்ணைத் தொழில் நிகழ்தல் கூடாது, அங்குள்ள பண்ணைகள் 1997 மார்ச்சு 31 க்குள் அகற்றப்பட வேண்டும், தொன்முறை வளர்ப்புக்கும் திருந்திய தொன்முறை வளர்ப்புக்கும் தடையில்லை, பழவேற்காட்டு ஏரிக்கும் ஒரிசாவின் சில்கா ஏரிக்கும் 1000 மீட்டருக்குள் பண்ணைகள் ஆகா, விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப்பொது நிலம் முதலியவற்றைக் குளங்களாக மாற்றலாகாது, மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்க்கு ஆறாண்டுக் கூலி ஈடாகத் தரப்படவேண்டும். இக்கட்டளைகள் தொன்முறையாளனையும் தொழிலாளியையும் மறவாமை நோக்கத்தக்கது.

5. தீர்ப்புக்குப் பின்

கதை இங்கு முடிந்திருப்பின் இக்கட்டுரை எழுதவேண்டியதில்லை. தீர்ப்பின்படி ஓர் ஆணையம் 1997 பிப்ரவரியில் அமைந்தது. ஆயின் பண்ணையாளர் மறுஆய்வு வேண்டினர். பண்ணைகளை அகற்றும் கட்டளை நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சிலேயே தீர்ப்பினின்று தொழிலைக் காக்கும் மசோதாவொன்று மாநிலங்களவையில் நிறைவேறிற்று, மக்களவையில் நிறைவேறிற்றிலது. ஆண்டுகள் கடந்தன. குளங்கள் குளங்களாகவே இருந்தன.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கரையைத் தாக்கிற்று. அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே வெற்றிடம் ஏன் வேண்டும் என்பதனை இதனினும் கொடிதாகக் கற்பிக்க இயலாது. அத்துயர் ஆறாத 2005 ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிற்று.

அச்சட்டத்தில் நன்மையும் உண்டு. பண்ணைகள் பதிவுபெறல் வேண்டும் என்றது. உயர் அலைக்கோட்டினின்று 200 மீட்டருக்குள் புதிய பண்ணை கூடாது என்றது. சென்னையில் நிலையான ஆணையம் அமைத்தது. ஆயின் முன்னரே இருந்த பண்ணைகளுக்கு அந்த 200 மீட்டர்த் தடை பொருந்தாது என்றும் அது கூறிற்று. இவையனைத்தினும் வலியது அதன் 27 ஆம் பிரிவு. 1991 ஆம் ஆண்டின் அறிவிக்கையிலுள்ள தடைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பைச் சாரா என்னும் வாசகத்தை அது சேர்த்தது. அவ்வாசகம் 1991 பிப்ரவரி 19 முதலே அறிவிக்கையில் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்றும் விதித்தது.

இதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறு என்று சொல்லி அதனை நீக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை இல்லை. ஆயின் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தைப் பின்னோக்கி மாற்ற அதற்கு உரிமை உண்டு. தூணைத் தொடாது தூண் நின்ற தரையை அகழ்ந்தது போல்வது இது. அறிவிக்கையின் வாசகத்தின் மேல் நின்ற தீர்ப்பு, அவ்வாசகம் மாறவே வலியிழந்தது.

பின்னர் 2009 முதல் வனாமி என்னும் அமெரிக்கக் கரையினத்து இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தது. தொழில் மீண்டும் பெருகிற்று. 1991 ஆம் ஆண்டின் அறிவிக்கைக்கு மாற்றாக 2011 இலும் 2019 இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. மக்கள் நெருங்கி வாழும் கடலோர ஊர்ப்புறங்களில் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடை 2019 இல் 50 மீட்டராகச் சுருங்கிற்று. 2023 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், 2005 ஆம் ஆண்டின் சட்டத்தை மீறினார்க்கு விதித்திருந்த சிறைத்தண்டனையை நீக்கிப் பணத்தண்டனையை வைத்தது.

6. எதிர்வாதமும் படிப்பினையும்

ஒரு பக்கமே கூறி மறுபக்கம் மறைத்தல் ஆராய்ச்சியாகாது. இறால் ஏற்றுமதி நாட்டுக்குப் பெரும் அன்னியச் செலாவணி ஈட்டுகின்றது. பண்ணை வைத்திருப்போர் அனைவரும் பெருமுதலாளிகள் அல்லர். ஓரிரு குளங்களை வைத்துக் கடன்பட்டு வாழ்வோரும் உளர். முழுத் தடையினும் கட்டுப்பாடே தக்கது என்று 2005 ஆம் ஆண்டின் சட்டத்தை ஆதரித்தோர் கூறியது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கட்டுப்பாடு என்பது அளந்தறிவாரும் தடுப்பாரும் உள்ளவிடத்தே கட்டுப்பாடாகும். அல்லாதவிடத்து அஃது அனுமதியின் மறுபெயராம். மேலும், கிணறு உவர்த்தபின் பெறும் பணத்தண்டனை அக்கிணற்றை இனிப்பாக்குவதன்று.

இவ்வழக்கினின்று நாம் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, சான்று. ஊரார் தம் கிணற்று நீரையும் வயலின் விளைவையும் ஆண்டுதோறும் குறித்து வைப்பாராயின், அக்குறிப்பேடு ஒருநாள் நீதிமன்றத்திற் பேசும். நம் கல்லூரி வேதியியல் மாணவர்க்கு இஃது எட்டாத பணியன்று. இரண்டாவது, வாசகம். அறிவிக்கைகள் வரைவாக வெளிவருங்கால் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு. அக்காலத்து உறங்கிவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லை. ஒரு சொல்லாற் காக்கப்பட்ட கரை பிறிதொரு சொல்லால் இழக்கப்பட்டதைக் கண்டோம். மூன்றாவது, விடாமுயற்சி.

விடாமுயற்சிக்கு மேற்கூறிய வேலூர் வழக்கே தக்க சான்று. 1991 இல் மனுச் செய்யப்பட்டது; 1996 இல் தீர்ப்பு வந்தது; 2001 இல் நிலமும் நீரும் கெட்ட குடியானவர்க்குரிய ஈட்டுத்தொகை கணக்கிடப்பட்டது. அதன் பின்னும் கேடு நிற்கவில்லை. மக்கள் மீண்டும் மீண்டும் நீதிமன்றத்தை நாடினர். 2025 சனவரி 30 ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஈடு தரப்படாதார்க்கு ஆறு வாரத்துள் தருக என்றும், பாலாற்றைச் சீர்செய்யக் குழு அமைக்க என்றும் கட்டளையிட்டது. முதல் மனுவுக்கும் இக்கட்டளைக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள். மனுச் செய்த காலத்துப் பிறந்த மகவு இன்று தன் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் பருவத்தது.

ஜெகந்நாதன் 2013 இல் மறைந்தார். அவரும் கிருஷ்ணம்மாளும் 2008 இல் உலகறிந்த நல்வாழ்வுரிமை விருதினைப் பெற்றனர். ஆயின் அவர் மணியசைத்த கரையில் குளங்கள் இன்றும் உள. இதனால் அவர் முயற்சி வீணாயிற்று என்பாரும் உளர். அஃது உண்மையன்று. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் கெடுத்தவன் ஈடுசெய்யும் கொள்கையும் அத்தீர்ப்பால் உரம்பெற்றன. 2010 ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அவற்றைத் தன் வாசகத்திலேயே ஏற்றுக்கொண்டது. வலியிழந்தது ஒரு கட்டளை, கொள்கை அழிந்திலது.

சோழன் கதையிற் பசு மணியை ஒருமுறை அசைத்தது. நீதி உடனே கிடைத்தது. நாம் வாழும் குடியரசில் முறைமை அத்துணை எளிதன்று. இங்கு நமக்கு வழிகாட்டத்தக்கவள் திருமறையில் ஆண்டவர் உரைத்த உவமையில் வரும் ஏழை விதவை. இரக்கமற்ற நீதிபதியிடம் அவள் ஒருநாள் சென்று மீளவில்லை. அவன் சலிக்குமளவும் சென்றுகொண்டேயிருந்தாள். நீரும் கடலும் நம்மைத் தம் வழக்கறிஞராக அமர்த்தியுள்ளன. அவற்றின் வழக்கு ஒரு தலைமுறையில் முடிவதன்று. இவ்வாண்டு இக்கல்லூரியை விட்டு உலகிற் புகும் மாணவருள் சிலரேனும் அவ்வழக்கின் கட்டைக் கையிலேந்துவாராயின், அவர்க்கு முன்னர் அதனைச் சுமந்தவர் உழைப்பு பயன்பெறும்.